பூங்காவுக்குள் முப்பத்தொரு வீடு

சித்தூரில் மூடிக்கிடந்த மாம்பழக்கூழ் தொழிற்சாலையின் ஒன்பது ஏக்கருக்குத் திட்டம் போடும் வேலை தபிதாவிடம் வந்தது. அவள் திருப்பதியில் ஒரு கட்டட வடிவமைப்பு ஆபீசில் வேலை பார்த்தாள். கீழே கடைகள், மேலே வீடுகள், நடந்தே போய்வரத் தெருக்கள், நடுவில் பூங்கா என்று வரைந்தாள்.

தொழிற்சாலையின் பின்மதிலை ஒட்டி, பழைய தொழிலாளர்களின் லைன் வீடுகள் முப்பத்தொன்று இருந்தன. ஐந்து மாதம் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து அங்கே உட்கார்ந்து பேசினாள். அவளுக்கு முதலில் கதவைத் திறந்தவள் யூனிஸ், பதினெட்டு வருஷம் அந்தத் தொழிற்சாலையில் பழம் அரிந்தவள்.

"இஸ்கோலுக்கு இந்த மதில சுத்திக்கினு போறதுக்கே இருவது நிமிஷம் ஆவுதும்மா. நடுவுல வழி உட்டா ஆறே நிமிஷம்."

அந்த வழியைத் தபிதா வரைந்தாள். முன்பு கூழ் டிரம்கள் அடுக்கிய தொழிற்சாலை முற்றத்தில் பூங்காவை வைத்தாள். லைன் வீட்டுக்காரர்களுக்கு அதே இடத்தில், தரைத்தளத்திலேயே புது வீடு.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் தொங்கிய வரைபடம் தபிதா வரைந்ததல்ல. டிரம் முற்றத்தில் ஒரு மால், பக்கத்தில் கார் நிறுத்தம். பூங்கா பின்மதிலுக்கு நகர்ந்து, லைன் வீடுகளின்மேல் பச்சையாகப் படர்ந்திருந்தது. அதன்மேல் 'காலி நிலம்' என்று குறிப்பு. கீழ் மூலையில் அவள் பெயர்.

யூனிஸ் எழுந்து வரைபடத்தின் அருகே போய் விரலால் தேடினாள்.

"எங்கூடு எங்கம்மா கீது?"

தபிதா இருக்கையிலிருந்து எழுந்தாள். யூனிஸ் அவள் பக்கம் திரும்பினாள்.

"ஊட்டாண்ட ஒக்காந்து டீ குடிச்சிக்கினே இத்தத்தான் அளந்தியா?"

"நான் இத வரையலக்கா."

"உம் பேரு போட்டுக்கீதே!"

ஆபீஸ் முதலாளி வேங்கடாசலம் தபிதாவின் பக்கம் குனிந்தார். "பூங்கான்னா யாரும் எதிர்த்துப் பேசமாட்டாங்க. நீ ஒக்காரு. ஆபீஸ்ல பேசிக்கலாம்."

அதுதான் அவளைக் கொளுத்தியது. ஐந்து மாதம் அவள் கேட்டு எழுதிய ஒவ்வொரு வீட்டின் அளவும் இடிப்பதற்குத்தான் உதவியிருக்கிறது. அவள் நேரே மேடையேறி மைக்கைப் பிடுங்கினாள்.

"இந்தப் படம் பொய். காலி நிலம்னு போட்ட இடத்துல முப்பத்தொரு குடும்பம் கீது. நானே கணக்கெடுத்தேன். எம் பேர அடிச்சிடுங்க!" பிறகு அதையே, கூட்டத்தை நடத்திய நகராட்சி அதிகாரி ஹரிப்ரியாவைப் பார்த்துத் தெலுங்கில் சொன்னாள்.

எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்றார் ஹரிப்ரியா.

"எழுதுறேன் மேடம். அதுக்கு முன்னாடி வந்து பாருங்க. இங்கேர்ந்து நடந்தா பத்து நிமிஷம்."

வேங்கடாசலம் கூட்டத்தை முடிக்கச் சொன்னார். அதற்குள் சனம் எழுந்து வாசலை அடைத்துக்கொண்டது. "நடங்க மேடம், நடங்க!" என்று கத்தினார்கள். ஹரிப்ரியா செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போய் யூனிஸ் வீட்டுத் தரையில் விரித்தார்கள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. வரைபடத்தில் அந்த அடுப்பு இருந்த இடத்தில் ஒரு நீரூற்று. ஹரிப்ரியா படத்தையும் அடுப்பையும் மாறிமாறிப் பார்த்தார். ஒவ்வொரு வீடாகப் போய் எண்ணினார். கடைசியில், குடியிருக்கும் இடத்தைக் காலி நிலமாகக் காட்டியிருக்கிறார்கள், திட்டத்தைத் திருப்பி அனுப்புகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் திட்டத்துக்கு மறுப்பு எழுதித்தர லைன் வீட்டுக்காரர்களுக்கு முப்பது நாள் கொடுத்தார்.

தபிதா தெருவுக்கு வந்தபோது போனில் செய்தி வந்திருந்தது. திங்கட்கிழமை முதல் ஆபீசுக்கு வரவேண்டாம். படித்துவிட்டுப் போனை அணைத்தாள்.

யூனிஸ் வாசலில் நின்றாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"முப்பத்தோரு ஊட்டுக்கும் மறுப்பு நீதான் எழுதணும்."

"எழுதுறேங்க்கா."

"எழுதிட்டு எல்லாருக்கும் சத்தமாப் படிச்சிக் காட்டு. அப்பறந்தான் கையெழுத்து. இனிமே உன்ன சும்மா நம்பமாட்டேன்."

"நம்பவேணாங்க்கா" என்று சொல்லிவிட்டு, தபிதா பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.