முட்டிக்கு வாங்கிய எண்ணெய்

யூகலிப்டஸ் தைலத்தை அப்படியே தோலில் பூசக்கூடாது, பாதாம் எண்ணெயில் சில சொட்டு விட்டுத்தான் தேய்க்க வேண்டும் என்று கணவரிடம் சொல்லிச் சொல்லி பார்பராவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். தேயிலைத் தொழிற்சாலையில் காலமெல்லாம் தூள் ருசி பார்த்த அருள்சாமிக்கு, எதோடு எதைக் கலந்தாலும் அது கலப்படம்.

“கலந்தா காரம் போயிடும் லா” என்பார்.

இன்றும் வெறும் தைலத்தைப் பூசிவிட்டு, ஸ்ட்ராபெரியாகச் சிவந்துபோன முட்டியை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்பரா பாதாம் எண்ணெய்ப் புட்டியை எடுத்துப் பார்த்தாள். பாதிக்கு மேல் காலி.

“இத என்ன செஞ்சீங்க?”

“மோட்டார் சைக்கிள் செயினுக்கு விட்டேன். வாசமும் இல்ல, எரிச்சலும் இல்ல, வேற எதுக்கு ஆவும்? இப்ப கம்போங் ராஜா டவுன் வரைக்கும் சத்தமே இல்லாம போவுது.”

பார்பரா புட்டியை இறுக மூடினாள்.

“அப்ப எந்திரிங்க. முட்டியக் கொண்டுபோயி அந்தச் செயின்லயே தேய்ங்க.”