குலுக்கலில் விழுந்த திருப்தி

ஆற்றுக்கு நடுவே இரண்டு தூண்கள் நின்றன. பழைய நட்பு நாடு கட்டியவை. மீதிப் பாலம் வருவதற்குள் ஹோண்டுராஸ் அரசு அந்த நட்பை முறித்துக்கொண்டு, புது நாட்டோடு கைகுலுக்கிவிட்டது. புது நாடு தன் கொடி போட்ட பலகை ஒன்றை நட்டுவிட்டுப் போனது. நல்ல கெட்டியான பலகை. கரையோர வீட்டு எர்லிண்டா அதில்தான் துணி காயப்போடுவாள். ஆற்றைக் கடக்கக் கம்பியில் தொங்கும் இரும்புக் கூடைதான்.

அன்று அவள் மகள் டெல்மிக்கு விடியற்காலையிலேயே பிரசவ வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரி அக்கரையில். மலையில் மழை வேறு. அந்த நேரம் பார்த்துத் தலைநகரிலிருந்து மரிபெல் கருத்துக்கணிப்புக்கு வந்து இறங்கினாள். வந்த விருந்தாளி பாதியில் திரும்பிவிடாதபடி, வேலை முடியும்வரை கூடையைப் பூட்டி வைப்பது ஊர்க் கமிட்டியின் சட்டம். கைதூக்கி ஓட்டுப் போட்டுச் செய்த சட்டம்; எர்லிண்டாவும் கை தூக்கியவள்தான்.

பன்னிரண்டு வீட்டிலும் ஒரே பதில். ஜனநாயகம், "கொஞ்சம் திருப்தி". இரண்டு நாடுகளும், "நல்ல நாடுங்க". முதல் நாள் கமிட்டி கூடி முடிவு செய்த பதில். ரொம்பத் திருப்தி என்றால் பாலம் வராது, திருப்தியே இல்லை என்றால் உரமூட்டை வராது.

மரிபெல் தலையில் கைவைத்துக்கொண்டாள். "இப்படி ஒரே மாதிரி கொண்டுபோனா, நான் மரத்தடியில உக்காந்து நானே எழுதினேன்னு சொல்லுவாங்க. எல்லாத்தையும் திரும்பக் கேக்கணும்."

"அவ்வளவுதானே? வேற வேற பதிலா எழுதிப் போட்டுச் சீட்டுக் குலுக்கிடலாம்," என்றார் கமிட்டித் தலைவர் நிக்கானோர், தொப்பியைக் கழற்றி.

"தோன் நிக்கானோர் ஐயா, என் பொண்ணு அங்க துடிக்கிறா. முதல்ல சாவியக் குடுங்க!"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான், தோன்யா எர்லிண்டாம்மா. சீட்டை எடுங்க, சீக்கிரம் முடியும்."

அந்தத் தொப்பியை ஆற்றில் வீசலாம் போல எர்லிண்டாவுக்கு ஆத்திரம் வந்தது. சாவி அவர் பையில் இருந்ததால் சீட்டை எடுத்தாள். பிரித்துப் பார்த்தாள். "மிகவும் திருப்தி."

"ஜனநாயகம் நடக்கிற விதத்துல உங்களுக்கு எந்த அளவு திருப்தி?" என்று கேட்டாள் மரிபெல். உள்ளே டெல்மி அலறினாள்.

"ரொம்பத் திருப்தி."

"புது நட்பு நாட்டைப் பத்தி?"

"நல்ல பலகை."

கடைசி வீடும் முடிந்த பிறகு பூட்டு திறந்தது. கூடையில் இருவர்தான் போகலாம். டெல்மியும் மரிபெல்லும் ஏறினார்கள். எர்லிண்டா கரையில் நின்று கயிற்றை இழுத்தாள். தண்ணீர் கூடையின் அடியைத் தொட இன்னும் ஒரு முழம்.

பாதி ஆற்றிலிருந்து மரிபெல் கத்தினாள். "தோன்யா எர்லிண்டா! உண்மையச் சொல்லுங்க, மாத்தி எழுதிடுறேன்!"

"மாத்தாதே தாயே! மாத்தினா அந்த மனுஷன் மறுபடி கூட்டம் போட்டுருவாரு. காகிதத்தக் கீழ வச்சிட்டு என் பொண்ணப் புடிச்சுக்கோ!"

மரிபெல் காகிதக் கட்டைக் கீழே வைத்துவிட்டு டெல்மியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். கூடை முதல் தூணைத் தாண்டியது. எர்லிண்டா அழுதுகொண்டே இழுத்தாள்.