காற்றுக்குத் தோதான காணி

பாலேஸ்வரிக்குத் தங்கையின் மேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தங்கைக்குக் காய்ச்சல் என்றால் மல்லித்தண்ணியோடு முதலில் ஓடுகிறவள் அவள்தான். தங்கைக்கு நல்லது நடந்தால் மட்டும் இவளுக்குக் காய்ச்சல் வரும். ஒருதரமாவது தங்கை தன்னைப் பார்த்து எரிய வேண்டும். வேறு பெரிய ஆசை ஒன்றும் அவளுக்கு இல்லை.

சாவகச்சேரிக்குப் பக்கத்தில், தகப்பன் இரண்டாகப் பிரித்துக் கொடுத்த சீதனக் காணியில், ஒரு கிடுகு வேலிக்கு இருபுறமும் அக்காவும் தங்கையும் குடியிருந்தார்கள். எழுபத்தெட்டாம் ஆண்டு மின்சாரக் கந்தோர் ஜீப் வந்து தங்கை பத்மாசினியின் படலையில் நின்றது. காற்றிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா என்று பரீட்சித்துப் பார்க்க ஒரு காற்றாடி நாட்டப் போகிறார்களாம். அவளுடைய காணிதான் தோதாம்.

இரண்டு வீட்டிலும் அரிக்கன் லாம்புதான். இனி வேலிக்கு அந்தப் பக்கம் பல்பு எரியும், இந்தப் பக்கம் தான் லாம்புச் சிமினி துடைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்ததும் பாலேஸ்வரிக்கு வயிறு பற்றி எரிந்தது. அடுத்த நாள், ஜீப்பில் வந்த இஞ்சினியர் இராசநாயகத்தை ஒழுங்கையில் மறித்தாள்.

“தம்பி, சோளகக் காத்து முதல் என்ரை காணிக்குள்ளாலைதான் வருது. நான் விட்ட மிச்சம்தான் அவளுக்குப் போகுது.”

இஞ்சினியருக்குச் சிரிப்பு வந்தது. “அது சரி அக்கா. ஆனால் உங்கடை மாமரம் காத்தை மறிக்குதே.”

கறுத்தக்கொழும்பான் மரம். பூக்கும்போதே சந்தை வியாபாரிகள் வந்து விலை பேசுகிற மரம். “உனக்கென்ன விசரே?” என்று கணவர் கனகசபாபதி கத்தினார். அவள் காதில் விழுத்தவில்லை. ஆள் பிடித்துத் தறிப்பித்தாள். மரம் சாய்ந்த சத்தம் கேட்டுத் தங்கை வேலியடிக்கு ஓடி வந்தபோது, நல்லாய்ப் பார் என்று மனதுக்குள் சொன்னாள்.

மரம் போனதும் காற்றாடி பாலேஸ்வரியின் காணியிலேயே எழுந்தது. அதன் அடியில் ஒரு தண்ணீர்ப் பீப்பாய். இறக்கைகள் சுற்றத் தொடங்கியதும் தண்ணீர் மெல்லச் சூடேறியது. இஞ்சினியர் மீற்றரைப் பார்த்துத் தலையாட்டினார்.

“வீட்டுக்கு எப்ப தம்பி வயர் இழுக்கிறது?”

“வீட்டுக்கோ? காத்து கூடிக் குறைய கரண்டும் கூடிக் குறையும் அக்கா, பல்பு தாங்காது. வாற கரண்டை இந்தத் தண்ணிக்குள்ளை விட்டு அளக்கிறம். சோளகக் காத்துக் காலம் முடியக் கழட்டிக்கொண்டு போயிடுவம்.”

இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். எரிந்துகொண்டிருந்தவளுக்கு அதற்கெல்லாம் எங்கே நேரம்!

பின்னேரம் தங்கை படலையைத் திறந்துகொண்டு வந்தாள். சிரிக்கத்தான் வருகிறாள் என்று பாலேஸ்வரி முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

“சுடுதண்ணி வேணுமெண்டால் அள்ளிக்கொண்டு போ. கரண்டிலை காய்ஞ்சது,” என்றாள் வீம்பாக.

பத்மாசினி பீப்பாயைப் பார்க்கவே இல்லை. மாமரத்தின் அடிக்கட்டையில் போய்க் குந்தினாள்.

“காணி பிரிக்கேக்கை இந்த மரம் எனக்கு விழவேணுமெண்டு நல்லூர்க் கோயிலிலை நேர்த்தி வைச்சனான். உனக்கு விழுந்திட்டுது. ஒவ்வொரு வருசமும் நீ தந்துவிட்ட பழத்தை வயித்தெரிச்சலோடைதான் திண்டனான். உன்னைப் பாத்து நான் எரிஞ்சது இந்த மரத்துக்குத்தான் அக்கா.”

காணி பிரித்த நாளிலிருந்து இருபது வருடமாக எரிந்திருக்கிறாள். பாலேஸ்வரிக்கு அது தெரியாமலே போய்விட்டது. கிட்டப் போய்க் கேட்டாள்.

“இப்பவும் எரியிறியோடி?”

“இனி என்னத்துக்கு?” என்று சொல்லிவிட்டுத் தங்கை எழுந்து போனாள்.