ஒன்பதாம் நடைமேடை

பிப்ரவரி 17, செவ்வாய்.

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. "சித்தி டீயை ஊதி ஊதிக் குடித்தாள்" என்று எழுதியிருக்கிறேன். சித்தியால் ஊத முடியாது. புற்றுக்காகக் குரல்வளையை எடுத்த பிறகு அவள் மூச்சு வாய்க்கு வருவதில்லை. கழுத்தின் அடியில் போட்ட துளை வழியாகவே போய் வருகிறது. டீயை இரண்டு டம்ளர்களில் மாற்றி மாற்றி ஆற்றித்தான் குடிக்கிறாள். எதிரில் உட்கார்ந்திருந்தும் நான் பார்க்கவில்லை, கை பழகிய வாக்கியத்தை எழுதிவிட்டேன். கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும் என்று மாலை எழுத்து வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். இன்று அப்படி முயல்கிறேன்.

காலையில் சித்தியும் சித்தப்பாவும் நானும் பஸ் ஸ்டாண்டில், மேலாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். நேற்று போன் வந்திருந்தது. "வேலை விஷயமா, கொஞ்சம் வந்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றார்கள். சித்தி வேலை பார்த்த அறிவிப்பு அறைக்கே திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்று மூவரும் நினைத்தோம். சித்தி பழைய அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, வேலை நாட்களில் கட்டும் கடிகாரத்தையும் கட்டியிருந்தாள். மணிக்கட்டு இளைத்துவிட்டதால் அது வளையல்போல் இறங்கி இறங்கி வந்தது.

பெஞ்சுக்கு நேர் மேலே ஒலிபெருக்கி. அதில் பேசுவது சித்திதான். அறுவைக்கு முந்தைய மாதம், "நீங்க லீவுல இருக்கிற வரைக்கும் ஒப்பேத்திக்கலாம்" என்று சொல்லி, அவள் மைக்கில் பேசியதையெல்லாம் பதிவுசெய்து வைத்தார்கள். அப்போதே குரல் கரகரத்திருந்தது. "உடைமைகளைப் பார்த்துக்கொள்ளவும்" என்பதற்கு முன்னால் அவள் ஒரு இருமலை விழுங்குவது கேட்கிறது. அந்த இடம் வந்தபோதெல்லாம் பெஞ்சில் இருந்த சித்தியின் கை, துளையை மூடிக் கட்டியிருந்த கழுத்துத் துணிக்குப் போனது.

பக்கத்தில் மூட்டையோடு இருந்த ஒரு அம்மா மேலே பார்த்து, "இந்தப் பொம்பளைக்கு ஜலதோஷமே விடாதா?" என்றார்.

"எங்க விடுது? மருந்து கொடுத்தா சாப்பிட்டாத்தானே" என்றார் சித்தப்பா.

சித்தி சிரித்தாள். சத்தம் இல்லை. தோள்கள் குலுங்கின, துணி உப்பி அடங்கியது. சிரித்ததில் சளி வந்துவிட்டது. துளையைச் சுத்தம் செய்யக் குழாயடிக்கு எழுந்து போனாள்.

அவள் போன பிறகு சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். "தினமும் வேலை விட்டதும் இங்க வந்து செத்த நேரம் உக்காந்துட்டுத்தான் வீட்டுக்கு வரேன். அவகிட்ட உளறிடாதே."

"எதுக்குச் சித்தப்பா?"

"வீட்டுல ஒரே நிசப்தமா இருக்கும்மா. முன்னெல்லாம் என்னை வாயத் திறக்க விடுவாளா? இப்ப நானே பேச வேண்டியிருக்கு. எனக்கு என்ன பேசத் தெரியும்?"

ஒலிபெருக்கிகளைப் பார்த்துக்கொள்கிறவர் வந்தார். எல்லோருக்கும் அவர் 'வயர்'. "அக்கா! நல்ல வேளை வந்தீங்க. உங்க ஒன்பதால காலையில ஒரு கலவரமே நடந்துபோச்சு" என்று சித்தியை அறிவிப்பு அறைக்கு அழைத்துப் போனார். நாங்களும் போனோம்.

விஷயம் இதுதான். இதுவரை எட்டு நடைமேடைகள். நேற்று ஒன்பதாவதைத் திறந்தார்கள். சித்தி 'நடைமேடை ஒன்பது' என்று எப்போதும் பேசியதில்லை. அதனால் 'மணி ஒன்பது' என்பதிலிருந்து வயர் ஒன்பதை வெட்டி ஒட்டியிருந்தார். போட்டுக் காட்டினார். "நடைமேடை ஒன்பது" என்பதோடு குரல் கீழே இறங்கி முடிந்துவிடுகிறது. அறிவிப்பு அவ்வளவுதான் என்று ஜனங்கள் எழுந்து, வண்டி எண்ணைக் கேட்காமலே ஒன்பதுக்கு ஓடியிருக்கிறார்கள். படியில் ஒருவருக்குக் கால் பிசகிவிட்டது.

சித்தி தலையசைத்தாள். வலது உள்ளங்கையைக் காற்றில் மேலே ஏற்றி நிறுத்திக் காட்டினாள்.

"புரியுதுக்கா, குரல் மேலயே நிக்கணும். அதுக்கு நான் எங்க போவேன்? ஒன்பதுன்னு நீங்க பேசினதுல என் கண்ணுல பட்டது ரெண்டு இடந்தான், ரெண்டும் கீழ இறங்குது."

சித்தி யோசித்தாள். பிறகு கையைத் தன் இடுப்புயரத்தில் நீட்டி வைத்தாள். புருவத்தின் மேல் கையை வைத்து அங்கும் இங்கும் தேடினாள். கண்ணைக் கசக்கினாள்.

"பையன்..." என்றார் வயர். "தொலைஞ்ச பையனா?"

சித்தி வேகமாகத் தலையாட்டினாள். வயர் கணினியில் பழைய பதிவுகளைத் தேடிப் போட்டார். "நீலச் சட்டை அணிந்த, ஒன்பது வயது மதிக்கத்தக்க சிறுவன்..." அந்த ஒன்பது மேலேயே நின்றது, அடுத்த சொல்லுக்குக் காத்துக்கொண்டு. வயர் அதை வெட்டி நடைமேடையோடு ஒட்டினார். சித்தி கண்ணை மூடிக் கேட்டு, இடையில் இன்னும் கொஞ்சம் இடைவெளி வேண்டும் என்று விரலால் காட்டினாள். மறுபடி போட்டார். சரி என்றாள். அவள் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து நான் அதைப் பார்த்ததில்லை.

"அந்தப் பையன் கிடைச்சானாக்கா?" என்று கேட்டார் வயர். சித்தி உதட்டைப் பிதுக்கினாள்.

மேலாளர் அறையில் எங்களை உட்காரச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார். "ரொம்ப நன்றிம்மா. இனி எந்த நம்பருக்கும் பிரச்சினை இல்ல."

"அப்ப இவ எப்ப வந்து சேரணும் சார்?" என்றார் சித்தப்பா.

"அதுக்குத்தான் வரச் சொன்னேன். அறிவிப்பாளர்ங்கற வேலையையே மேலிடத்துல எடுத்துட்டாங்க. ஆனா அம்மாவ வெளிய அனுப்ப எனக்கு மனசு வரல. பார்சல் அறையில ஆள் கேக்கறாங்க. அங்க பேசவே வேண்டியதில்ல, பாருங்க."

"பாரம் தூக்க முடியாது சார். மூச்சப் பிடிச்சாத்தானே தூக்க முடியும்? இவளுக்குப் பிடிச்சா நிக்காது, கழுத்து வழியா போயிடும். தூசியும் ஆகாது, நேரா நெஞ்சுக்கு இறங்கும். டாக்டர் சொல்லியிருக்கார்."

"சின்னப் பெட்டிகளா பாத்துக் கொடுக்கச் சொல்றேன். துணி கட்டியிருக்காங்கல்ல?"

"அப்ப மேல பேசுதே, அந்தக் குரல்? அது இவளோடதுதானே சார்?"

மேலாளருக்கு உண்மையிலேயே புரியவில்லை என்று நினைக்கிறேன். "அது ட்யூட்டி நேரத்துல பேசினதுதானே?" என்றார்.

சித்தி மேஜையை விரல்முட்டியால் தட்டினாள். எல்லோரும் அவளைப் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறார்கள்: காற்றை விழுங்கி, ஏப்பம்போல் மேலே கொண்டுவந்து, அதில் சொல்லை ஏற்ற வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு. வீட்டையும் ஆஸ்பத்திரியையும் தவிர வேறெங்கும் அவள் இதுவரை முயன்றதில்லை. இப்போது கழுத்து நரம்பு புடைக்கக் காற்றை விழுங்கினாள். வாய் திறந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று சுவரிலிருந்த ஒலிபெருக்கி அவள் குரலில் ஆரம்பித்தது.

மேலாளர் நிமிர்ந்து மேலே பார்த்தார். சித்தப்பாவும் பார்த்தார். நானும்தான். அறிவிப்பு நின்று நாங்கள் திரும்பியபோது சித்தியின் வாய் மூடியிருந்தது. காற்று போய்விட்டது.

"என்னம்மா, ஏதோ சொல்ல வந்தீங்களே?" என்றார் மேலாளர்.

சித்தி ஒன்றுமில்லை என்று கையை அசைத்தாள். பார்சல் அறையில் நாளை காலை ஆறு மணிக்கு வேலை முறை தொடங்கும் என்றார் மேலாளர்.

வெளியே வந்தோம். பெஞ்சுகள் நிறைந்திருந்தன. "நடைமேடை ஒன்பது" என்றது குரல். யாரும் அசையவில்லை. முகங்கள் மட்டும் மேலே திரும்பிக் காத்திருந்தன. "வண்டி எண் நாற்பத்திரண்டு." நாற்பத்திரண்டுக்குரியவர்கள் மட்டும் பைகளை எடுத்துக்கொண்டு சித்தியை இடித்துக்கொண்டு போனார்கள். "கொஞ்சம் ஓரமா நில்லுங்களேன்" என்றார் ஒருவர். சித்தி ஒதுங்கி நின்று, கடைசி ஆள் ஏறும்வரை பார்த்தாள்.

நாளை காலை சித்தியோடு நான் போக வேண்டும். பார்சல் அறையில் இருப்பவர்களிடம், தன் மேல் எது விழுந்தாலும் இவரால் கூப்பிட முடியாது, அவ்வப்போது திரும்பிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வர வேண்டும்.