நான்காவது குமிழ்

கண்காட்சிக்கு வானொலிகளை ஒப்படைக்க மாலை ஐந்து மணிதான் கெடு. இப்போது மூன்றேகால்.

கண்கொத்தி உருப்பெருக்கிக் கண்ணாடியோடு மரப்பெட்டியின் முன் குனிந்தாள். பழைய வானொலிச் சங்கத்தில் அவளுக்கு அந்தப் பெயர்தான் நிலைத்திருந்தது. எது அசல், எது ஒட்டு என்று சான்றிதழ் எழுதுகிறவள். போன மாதம் இன்னொரு பரிசோதகர் சிநேகிதனுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். சங்கம் அவரை வாசலோடு அனுப்பிவிட்டது. இன்று இவள் முன்னால் இருந்ததோ சொந்த அக்கா புருஷனின் வானொலி.

"என்னம்மா, டாக்டர் மாதிரி பார்க்கறே? மூச்சை இழுத்து விடச் சொல்லலையா?" என்றார் அத்தான்.

"பேசாம இருங்க அத்தான். நோயாளியே சும்மா இருக்கு."

கரும்பழுப்பில் நான்கு குமிழ்கள், ஒரே அளவில், வரிசையாக. ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்தாள். நான்கிலும் பேக்லைட் என்னும் அந்தக்கால பிளாஸ்டிக்கின் மருந்து நெடி. சரி. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள். அங்கேதான் மாட்டியது.

வெயில் பட்டு மரம் வெளுத்திருந்தது. குமிழ் மறைத்த இடம் மட்டும் கறுப்பு வட்டமாக நின்றிருக்கும். மூன்று குமிழ்களும் தங்கள் வட்டத்தைக் கச்சிதமாக மூடியிருந்தன. நான்காவதைச் சுற்றி மட்டும் ஒரு நூல் கறுப்பு வெளியே எட்டிப் பார்த்தது.

"இது இந்தப் பெட்டியோடது இல்லை."

"என்ன பேசறே! நாலும் ஒரே ஜோடி. இந்த நாலாவதை ஊரெல்லாம் சல்லடை போட்டுத் தேடி வாங்கினேன்."

"முன்னாடி இங்கே என்ன இருந்தது?"

"தடிமாடு மாதிரி ஒண்ணு. எவனோ கைக்குக் கிடைச்சதை மாட்டியிருந்தான். கழட்டி எறிஞ்சேன்."

கண்கொத்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். "இது அலைவரிசை மாத்தற குமிழ். இறுக்கமா இருக்கும், அதனால பெருசாத்தான் வெச்சிருப்பாங்க. அசலை எறிஞ்சுட்டு ஒட்டை மாட்டினது நீங்கதான்!"

அத்தானின் முகம் தொங்கிப்போனது. மூன்று வருட உழைப்பு. தெரு முழுக்கக் கண்காட்சிக்கு அழைத்தும் ஆகிவிட்டது. "ஒண்ணே ஒண்ணுதானேம்மா... கண்டும் காணாம விடேன்."

"கையெழுத்து என்னோடது அத்தான்."

பேனாவைத் திறந்தாள். 'நிராகரி' வரை எழுதியபோது சமையலறையிலிருந்து அக்கா வந்தாள், கையில் ஒரு சட்டி மூடி.

"ரெண்டு பேரும் இதுக்கா முட்டிக்கிறீங்க?"

மூடியின் நடுவில் பெரிய கரும்பழுப்புக் குமிழ், அடியில் ஒரு போல்ட்.

"குப்பையில கிடந்தது. மூடிக்குப் பிடி இல்லாம கையைச் சுட்டுக்கிட்டிருந்தேன். நல்லா உழைக்குதுடி!"

கண்கொத்தி அதைக் கழற்றித் தேய்த்து முகர்ந்தாள். முதலில் எண்ணெய்ப் பிசுக்கு. அப்புறம் பேக்லைட். பெட்டியில் பொருத்தினாள். கறுப்பு வட்டம் ஒரு மயிரிழைகூட மிச்சமில்லாமல் மறைந்தது.

பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்: 'நான்கும் அசல். நான்காவது, சமையலறைச் சட்டி மூடியிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டது. உரிமையாளர் என் அக்காவின் கணவர்.'

"இந்த மூடி விஷயத்தை எழுதித்தான் ஆகணுமா?" அத்தான் முனகினார். "மானம் போகும்மா."

"எழுதலைன்னா என் வேலை போகும். சங்கச் செயலாளர் சந்தேகப்பட்டா மூடியில இருக்கற ஓட்டையைப் பார்த்துக்கட்டும். அதுவும் கூட வருது."

"மூடி போனா சட்டியும் போகட்டும்," என்றாள் அக்கா. "கண்காட்சி முடியற வரைக்கும் சமையல் உங்க அத்தானோடது."

நான்கரைக்கு வண்டி கிளம்பியது. பின் சீட்டில் வானொலி. அத்தானின் மடியில் மூடி.