கழுத்தில் விழுந்த வெளிச்சம்

நான் ஒன்றும் கொடுமைக்காரி இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஆளாளுக்குப் பேச வேண்டாம். கணவன் கைவிட்டு, முப்பத்தாறு வயதில் சித்தி வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டிருந்தவளுக்கு நாடக அரங்கில் லைட் உதவியாளர் வேலை கிடைத்தது. வாங்கிக் கொடுத்ததும் சித்திதான். அந்தக் குழுவில் இருபது வருடமாக அவர்தான் கதாநாயகி. மூன்று மாதம் பார்ப்போம், பிடித்தால் நிரந்தரம் என்றார்கள்.

லைட் டிசைனருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. வாய்க்கு வாய் அக்கா, அக்கா என்பான். முதல் வாரமே என்னை மேடையில் நிறுத்தி, கையில் கண்ணாடியைக் கொடுத்து, எதிரிலிருந்து ஒரு லைட், உச்சந்தலைக்கு மேலிருந்து ஒரு லைட் என்று மாற்றி மாற்றிப் போட்டான். எதிர் லைட்டில் நான் பரவாயில்லை. மேல் லைட்டில் கண்ணிருந்த இடத்தில் இரண்டு குழி, மூக்குக்குக் கீழே மீசை மாதிரி நிழல்.

"வயசு மூஞ்சில இல்லக்கா, என் கையில இருக்கு," என்று சிரித்தான். திமிர் பிடித்தவன். ஆனால் வேலைக்காரன்.

மூன்றாம் மாதக் கடைசியில் புது நாடகத்தின் ஒத்திகையைப் பார்த்து வேடங்களை முடிவு செய்யக் குழுவின் கமிட்டி வருவதாக இருந்தது. டைரக்டருக்கு நாயகி வேடத்தில் இளம்பெண் ஒருத்தி வேண்டும். கமிட்டிக்கோ சித்திதான் உயிர். டைரக்டரைக் கல்லுளிமங்கன் என்றுதான் எல்லோரும் சொல்வோம். வாயைத் திறந்து எதையும் கேட்கமாட்டார். அன்று காலை டிசைனரை ஓரங்கட்டி ஏதோ காதைக் கடித்தார்.

டிசைனர் நேராக என்னிடம் வந்தான். "அக்கா, இன்னைக்கு லைட் போர்டுல நீங்க உக்காருங்க. மேடம் வர்றப்ப எதிர் லைட்ட இறக்கிடுங்க, மேல் லைட்ட ஏத்திடுங்க."

"அவங்க என் சித்தி, தம்பி."

"தெரியும்க்கா. உங்கள நிரந்தரமாக்கற பேப்பர் டைரக்டர் மேஜை மேல கையெழுத்துக்குக் கெடக்கு. அதுவும் தெரியும். நான் ஒண்ணும் சொல்லல."

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தப் போர்டில் போய் உட்கார்ந்தேன். அந்த சோபாவிலேயே கிழவியாக என்னால் முடியாது.

சித்தி மேடைக்கு வந்தார். எதிர் லைட்டை இறக்கினேன், மேல் லைட்டை ஏற்றினேன். கமிட்டித் தலைவி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஆனால் சித்தி லேசுப்பட்டவர் இல்லை. லைட்டின் சூடு முகத்தில் விழாமல் உச்சியில் விழுவது இரண்டு வசனத்துக்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. பேசிக்கொண்டே முகத்தை அண்ணாந்தார். குழி, நிழல் எல்லாம் ஓடிப்போயின. அடேயப்பா, என்ன அழகு! தலைவி நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார்.

டிசைனர் என் பக்கம் திரும்பினான். "போச்சுக்கா," என்றான். அவ்வளவுதான்.

அண்ணாந்தால் கழுத்து தெரியும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மேடையோரத்தில் தாழ்வாக ஒரு பக்கவாட்டு லைட் இருந்தது. அதன் வெளிச்சத்தை மெதுவாகக் கூட்டினேன். சித்தியின் கழுத்தில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. கமிட்டியில் யாரோ "ச்சே, பாவம்" என்றார்கள்.

"அட! இத நான் சொல்லித் தரலையேக்கா!" டிசைனர் வாயைப் பிளந்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு உச்சி குளிர்ந்தது.

மாலைக்குள் சித்திக்கு அம்மா வேடம் என்று முடிவானது. எனக்கு வேலை நிரந்தரமானது. சித்தி லைட் அறைக்குப் படியேறி வந்து என் கன்னத்தைப் பிடித்தார்.

"எனக்குப் போனா போகுது. உனக்கு நிலைச்சுதே, அது போதும்டி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா அந்தப் பய பெரிய கில்லாடி. நான் மூஞ்சியத் தூக்கினதும் கழுத்துல போட்டான் பாரு! உனக்கெல்லாம் அது வர இன்னும் பத்து வருஷம் ஆகும்."

சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை. சுருக்கென்று கோபம் வந்தது.

"பத்து வருஷமா? அது நான் போட்டது சித்தி."

சித்தி என் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். அந்தக் கை அவர் கழுத்துக்குப் போனது. படியிறங்கிப் போகும்வரை அங்கேயே இருந்தது.