துண்டுக்குள் ஒரு பட்டப்படிப்பு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். எண்பத்தைந்தாம் வருஷம் ஜூன் மாதம், தருமபுரியில் கல்லூரிச் சேர்க்கைக்கு நின்ற வரிசையில் என் இரண்டு காதும் கொதித்தன. எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர்தான் காரணம். ஒருவர் என் அப்பா மதலைமுத்து, காரிமங்கலம் சந்தையில் மாட்டுத் தரகர். இன்னொருவர் தாய்மாமன் செபாஸ்டின், டவுனில் கிளார்க். நான் என்ன படிப்பது என்று அவர்கள் இருவருமே முடிவு செய்யப் பார்த்தார்கள். படிக்கப்போகிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு எஸ்.ஐ. ஆக வேண்டும். போன ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போனபோது பிடித்த ஆசை அது. பெண்கள் குளிக்கிற பக்கம் வந்து வம்பு செய்த நாலு தடியன்களை, காக்கி உடுப்பில் இருந்த ஒரு அக்கா ஒரே அதட்டலில் விரட்டிவிட்டார். நான் வறுத்த மீனைக் கையில் வைத்துக்கொண்டே அவர் பின்னால் ஓடினேன்.

"அக்கா, உங்க மாதிரி ஆவணும்னா என்ன படிக்கணுங்க?"

"எஸ்.ஐ.ன்னா ஒரு டிகிரி வேணும். எதுவா இருந்தாலும் சரி, அரியர் வெக்காம முடிக்கிறதா பாத்து எடு. தெனமும் ஓடு. மீனு ஆறுது பாரு, சாப்புடு."

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், பி.ஏ. வரலாறுதான். வரலாறு என்றால் எனக்கு உயிர். வகுப்பும் மத்தியானத்தோடு விட்டுவிடும், சாயங்காலம் ஓடலாம். கணக்கோ, பிளஸ் டூவில் தட்டுத் தடுமாறிக் கரை சேர்ந்த பாடம். அதை எடுத்தால் அரியர்தான், டிகிரி கிடையாது, எஸ்.ஐ.யும் கிடையாது.

மாமா கேட்டால்தானே. "வரலாறா? செத்துப்போனவங்க கதையப் படிச்சு என்ன பண்ணுவ? கணக்குப் படி. அப்பறம் பி.எட். டீச்சர் வேலைக்குப் போனா மாப்பிள்ளை வூட்டுக்காரங்க தேடி வருவாங்க."

"போலீஸ் வேலையும் அதுதானுங்க மாமா. யாரு செஞ்சா, எப்ப செஞ்சா, எதுக்கு செஞ்சா, யாரு பொய் சொல்றா. வரலாத்துலயும் இதைத்தான் தோண்டறாங்க."

"வாயப் பாரு" என்றார் மாமா.

அப்பா என் பக்கமும் இல்லை, மாமா பக்கமும் இல்லை. ஆனால் ஊரில் யார் கேட்டாலும் "புள்ள டீச்சருக்குப் படிக்கப்போவுது" என்று சொல்லிவந்தார். போலீஸ் என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. அதுதான் எனக்கு உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

வரிசை நகர நகர மாமாவின் குரலும் ஏறியது. முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவுக்கு மானம் போயிற்று. சந்தையில் ஆயிரம் பேருக்கு நடுவில் சத்தமே இல்லாமல் வியாபாரம் முடிக்கிற மனிதர் அவர். தோளில் கிடந்த துண்டை எடுத்தார்.

"மாப்ள, கத்தாத. கையக் குடு."

எனக்குப் புரிந்துவிட்டது. மாட்டு விலையைத் தரகர்கள் வாயால் பேசமாட்டார்கள். துண்டைப் போர்த்திக்கொண்டு, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேசுவார்கள், எத்தனை விரலோ அத்தனை நூறு. கல்லூரிச் சுவரில் பாடங்களை எழுதி ஒட்டியிருந்தார்கள். முதலில் வரலாறு, இரண்டாவது பொருளாதாரம், மூன்றாவது கணக்கு. அப்பா அந்த எண்களைக் கண்ணால் காட்டினார். மாமா தலையாட்டினார். இரண்டு கைகளும் துண்டுக்குள் போயின.

துண்டு நெளிந்தது. மாமா உதட்டைப் பிதுக்கினார். அப்பா தலையை ஆட்டினார். பின்னால் நின்ற ஒரு பெரியவர், "என்ன மாடுங்க?" என்று ஆவலாகக் கேட்டார். கடைசியில் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். இருவர் முகத்திலும் அப்படி ஒரு திருப்தி.

"முடிஞ்சுது. பொருளாதாரம்" என்றார் அப்பா.

"என்னது?"

"நீ ஒண்ணுங்கற, மாமன் மூணுங்கறான். நடுவுல ரெண்டு. ரெண்டு பேருக்கும் நஷ்டமில்ல. நீ சொல்ற வேலையும் வேணாம், டீச்சரும் வேணாம். பேங்க் வேலைக்குப் போ."

பொருளாதாரத்தை யார் கேட்டார்கள்? நான் கேட்கவில்லை, மாமாவும் கேட்கவில்லை. முப்பது வருஷமாகக் கேட்கிற விலைக்கும் சொல்கிற விலைக்கும் நடுவில் வெட்டியே பழகிய மனிதர், என்னையும் நடுவில் வெட்டிவிட்டார். அழுகை வந்தது. அழுதால் மாமா "இவ எங்க போலீசு?" என்பார். அதனால் கோபத்தையே பிடித்துக்கொண்டேன்.

"மாத்த முடியாதாப்பா?"

"துண்டுக்குள்ள கை குடுத்தாச்சு. கை குடுத்துட்டு நான் மாறுனதில்ல."

அது உண்மைதான். அந்த நாணயத்துக்காகத்தான் சந்தையில் அவரைத் தேடி வருவார்கள். ஆனால் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொண்டுபோய் நானும் சந்தையைக் கொஞ்சம் கற்றிருந்தேன்.

"அப்பா, நீங்க தரகர்தானே?"

"ஆமா."

"மாட்டுக்காரங்களக் கேக்காம தரகர் கை குடுத்தா, அந்த வியாபாரம் செல்லுமா?"

"செல்லாது. மாட்டுக்காரன் தன் கையால கயித்தக் குடுக்கணும்" என்று அப்பா மெதுவாகச் சொன்னார்.

"இங்க மாடும் நான்தான், மாட்டுக்காரியும் நான்தான். என்னை யாரு கேட்டீங்க?"

பின்னால் நின்ற பெரியவர் சிரித்துவிட்டார். "புள்ள சொல்றது நாயந்தானுங்க."

அப்பா என்னையே பார்த்தார். பிறகு துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "அப்ப நீயே பேசு."

துண்டைப் போர்த்தி மாமாவின் கையைப் பிடித்தேன். சுட்டுவிரல் ஒன்றை மட்டும் நீட்டி மற்றவற்றை மடக்கிக்கொண்டேன். மாமா என் அடுத்த விரலை நிமிர்த்தப் பார்த்தார். நிமிரவில்லை. நெம்பினார். நான் அவர் கட்டை விரலைச் சேர்த்து இறுக்கினேன். வீட்டில் இரண்டு எருமை கறக்கிற கை இது. மாமாவின் மீசை துடித்தது.

"புள்ள... விடு புள்ள."

"எத்தனைங்க மாமா?"

"ஒண்ணு. ஒண்ணுதான். விட்டுத் தொலை. உனக்கெல்லாம் கைவெலங்கே வேண்டாம்" என்று கையை உதறினார். உதறிக்கொண்டே சிரித்தும்விட்டார். அவர் குணம் அப்படி.

எங்கள் முறை வந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த பேராசிரியர் என் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, "வரலாறா? எதுக்கும்மா இதை எடுக்கற?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் பக்கத்தில் குரல் கேட்டது.

"போலீசு எஸ்.ஐ. ஆவறதுக்குங்க சார்" என்றார் அப்பா. கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, நிமிர்ந்து நின்று சொன்னார். சந்தையில்கூட அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

பேராசிரியர் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதை வாங்கி என் பக்கம் திருப்பினார்.

"கயிறு உன் கையில, நீயே போடு" என்றார்.

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாக்கியமேரி என்று முழுப் பேரையும் எழுதினேன்.